தாமதித்தவன் குற்றவாளியா? ஹாம்லெட் நாடகமும் பழிவாங்கலும்: ஒரு மறுப்பு

முன்னுரை

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நம் வகுப்பறைகளில் ஒரே ஒரு வினாவாகச் சுருங்கிவிட்டது. ‘ஹாம்லெட் ஏன் தாமதித்தான்?’ என்பதே அவ்வினா. ஆங்கிலத் துறையிலிருந்து ஒப்பிலக்கியத் தாளின் வழியே இது தமிழ்த் துறைக்குள் நுழைந்து நெடுநாளாயிற்று. துன்பியல் நாடகத் தலைவனுக்கு ஒரு குறைபாடு வேண்டும் என்பது நாம் கற்ற பாடம். ஆகவே, மக்பெத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குப் பொறாமை, ஹாம்லெட்டுக்குத் தயக்கம் எனப் பட்டியலிட்டு மாணவரை உருப்போடச் செய்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில், ஹாம்லெட் செயலாற்றல் அற்றவன் என்றும், உரிய காலத்தில் அவன் கொன்றிருந்தால் துன்பியல் நேர்ந்திராது என்றும் ஆய்வாளர் உறுதிபடக் கூறினார். அவையில் எவரும் மறுக்கவில்லை. யானும் மறுக்கவில்லை. அன்று வாய்மூடி இருந்தமைக்கு இக்கட்டுரை ஒரு கழுவாய்.

அவ்வினாவின் அமைப்பை நோக்குக. ‘ஏன் தாமதித்தான்?’ என்று கேட்கும்போதே ‘உடனே கொன்றிருக்க வேண்டும்’ என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். கொலை கடமையாகிறது; சிந்தனை நோயாகிறது. நாடகம் எதனை ஐயுறுகின்றதோ அதனையே ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகக் கொண்டு, ஐயுற்றவன்மீது குற்றம் சுமத்துகிறோம். ஹாம்லெட் காலத்தாழ்ச்சியின் துன்பியல் அன்று, பழிவாங்கலின் துன்பியல் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதற்கான சான்றுகள் நாடகத்தின் உள்ளேயே உள்ளன.

வினா வளர்ந்த வரலாறு

செருமானியப் பேரறிஞர் கதே 1795–96இல் வெளியிட்ட ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ புதினத்தில், தாங்கவொண்ணாப் பெருஞ்செயல் ஒரு மெல்லுள்ளத்தின்மீது ஏற்றப்பட்டது என்னும் கருத்து இடம்பெறுகிறது. கோலரிட்ஜ் 1811–12ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் ஹாம்லெட்டைச் சிந்தனை மிகுந்து செயல் குன்றியவனாகக் கண்டார். பிராட்லி 1904இல் மனச்சோர்வைக் காரணமாக்கினார். பிராய்டின் குறிப்பொன்றை விரித்து எர்னஸ்ட் ஜோன்ஸ் 1910இல் தாயின்பாலுள்ள ஆழ்மன வேட்கையைக் காரணமாக்கினார். டி.எஸ். எலியட் 1919இல் நாடகமே கலைநிலையில் தோல்வியுற்றது என்றார். முதல் நால்வரும் காரணத்தில் வேறுபட்டனர். நோய் உண்டு என்பதில் வேறுபடவில்லை. எலியட்டோ நோயைத் தலைவனிடமிருந்து நாடகத்திற்கு மாற்றினார்.

இதற்கு எதிரான மரபும் உண்டு. வில்சன் நைட் 1930இல், அவையினர் உயிர்த்துடிப்புடன் இயங்க, ஹாம்லெட்டே சாவின் தூதனாக அங்கு நடமாடுகிறான் என்று எழுதினார். எலினர் பிராசர் 1967இல் வெளியிட்ட நூலில், ஆவியின் ஆணை ஏற்கத்தக்கதுதானா என்று எலிசபெத் காலச் சமயக் கருத்துகளின் துணைகொண்டு வினவினார். ரெனே ஜிரார்து 1991இல், பழிவாங்கல் நாடகத்தின் உள்ளிருந்தே பழிவாங்கலில் சலிப்புற்ற ஓர் ஆசிரியனைக் காட்டினார். இம்மூவரையும் முற்றும் ஏற்க வேண்டுவதில்லை. ஆயின், நம் வினாத்தாள்கள் பிராட்லியோடு நின்றுவிட்டன. நூலகத்தில் உள்ள நூல்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆவியின் ஆணை

பழிவாங்கல் நாடகம் என்பது ஷேக்ஸ்பியருக்கு முன்பே இலண்டன் மேடையில் வேரூன்றிய வகை. தாமஸ் கிட் 1580களில் இயற்றிய ‘ஸ்பானியத் துன்பியல்’ நாடகத்தில் பழி என்பதே ஒரு பாத்திரமாக மேடையில் அமர்ந்து நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியரும் 1594இல் அச்சேறிய ‘டைட்டஸ் அன்றோனிக்கஸ்’ நாடகத்தில் வெட்டுண்ட கைகளையும், பெற்ற தாய்க்கே மைந்தரின் தசையைப் படைக்கும் விருந்தையும் மேடையேற்றியவர்தாம். குருதியைக் காட்டத் தெரியாமல் அவர் ஹாம்லெட்டைத் தயங்க வைக்கவில்லை. விரைந்து பழிவாங்கும் தலைவனைப் படைத்து முடித்த பின்னரே, தயங்கும் தலைவனைப் படைத்தார்.

அக்கால இங்கிலாந்து பழிவாங்கலைப் பற்றி ஒருமனப்பட்டு எண்ணவில்லை. தனியொருவர் பழிதீர்ப்பதைச் சட்டம் கொலை என்றது. திருச்சபை பாவம் என்றது. ஆயினும், அரசி எலிசபெத்தின் உயிருக்குத் தீங்கு சூழ்வோரைக் கொன்று பழிதீர்ப்போம் எனக் குடிமக்கள் கையொப்பமிட்ட உறுதிமொழி ஒன்று 1584இல் அரசின் ஆதரவுடனேயே நாடெங்கும் பரவியது. தடுத்த கையே தூண்டவும் செய்த காலம் அது. இம்முரணை அறிந்த அவையோர் முன்னர்த்தான் ஆவி தோன்றுகிறது.

அந்த ஆவி யாது? தன் பாவங்கள் எரிந்து தீரும்வரை தீயில் உழல்வதாக அது கூறுகிறது. தூய்மை பெறும் பொருட்டுத் துன்புறும் ஓர் உயிர், தன் மகனைக் கொலைக்கு ஏவுகிறது. இம்முரண் நாடக அவைக்குப் புலப்படாமல் இருந்திருக்க இயலாது. அத்தகைய தூய்மையுலகம் ஒன்று உண்டு என்பதையே இங்கிலாந்துத் திருச்சபை மறுத்திருந்தது. ஆவி இழுத்துச்சென்று அறிவைப் பறித்துவிடக்கூடும் என்று ஹொரேஷியோ முதலிலேயே எச்சரிக்கிறான். தந்தையின் வடிவில் வந்தது பேயாக இருக்கலாம் என்று ஹாம்லெட்டும் பின்னர் ஐயுறுகிறான். ஓர் அரசனைக் கொல்வதற்கு ஓர் ஆவியின் சொல்லன்றி வேறு சான்று இல்லாத நிலையில் ஐயுறுதல் நோயா? சான்று தேடாமல் கொன்றிருந்தால் அவனை நாம் என்னவென்று அழைத்திருப்போம்?

காலத்தாழ்ச்சியா, விரைவா?

ஹாம்லெட் தன்னைத்தானே கடிந்துகொள்கிறானே என்று வினவலாம். ஆம், கடிந்துகொள்கிறான். மூன்றாம் அங்கத்தில் ஆவியும் கடிந்துகொள்கிறது. ஆனால், தாமதம் என்னும் குற்றச்சாட்டை நாடகத்தில் எழுப்புவோர் இவ்விருவர் மட்டுமே. உண்மையனைத்தும் அறிந்த ஹொரேஷியோ ஒருமுறையேனும் ‘ஏன் இன்னும் கொல்லவில்லை?’ என்று கேட்டதில்லை. இறுதி அங்கத்தில், இவனைக் கொல்வது மனச்சான்றுக்கு உகந்ததுதானே என்று ஹாம்லெட் வினவும்போது, 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் ஹொரேஷியோ ஆம் என்று சொல்லாமல் வேறொன்றைச் சொல்லி நகர்கிறான். படை நடத்திச் செல்லும் ஃபார்டின்பிராஸைக் கண்டு ஹாம்லெட் தன்னை இகழ்ந்துகொள்ளும் நான்காம் அங்கத் தனிமொழி காலத்தாழ்ச்சிக் கொள்கையின் தலையாய சான்று. அத்தனிமொழி 1604–05இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்டு. 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை. அது நீங்கிய பின்னும் நாடகம் நாடகமாகவே நிற்கிறது.

இனி, நிகழ்ந்த சாவுகளை எண்ணுவோம். நாடகம் தொடங்கிய பின் மாள்வோர் எண்மர்: பொலோனியஸ், ஒஃபீலியா, ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன், கெர்ட்ரூட், லேர்ட்டஸ், கிளாடியஸ், ஹாம்லெட். இவர்களுள் முன்னை மன்னனைக் கொன்ற குற்றம் கிளாடியஸ் ஒருவனுடையது. மற்ற எழுவரும் அக்கொலையில் பங்குகொண்டதற்கு நாடகத்தில் சான்றில்லை. ‘உடனே கொன்றிருந்தால் எழுவர் பிழைத்திருப்பரே’ என்பதுதான் அன்றைய வாய்மொழித் தேர்வின் வாதம். அது வலிய வாதம் போலத் தோன்றும். ஆயின், அவ்வெழுவரும் எதனால் மாண்டனர் என்று தனித்தனியே ஆராய்க.

பொலோனியஸ் மாண்டது ஹாம்லெட்டின் விரைவினால். திரைக்குப் பின்னால் நிற்பவன் யாரென்று பாராமலே, அரசன் எனக் கருதி, நொடிப்பொழுதில் வாளைப் பாய்ச்சினான். செயலாற்றல் அற்றவன் எனப்பட்டவனின் செயல் இது. ஒஃபீலியாவின் பித்தும் சாவும் அவ்விரைவின் விளைவு. ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் ஹாம்லெட் மாற்றியெழுதிய முடங்கலால் மாண்டனர். இறப்பதற்குமுன் பாவமன்னிப்புப் பெறவும் அவர்களுக்குப் பொழுது கொடுக்கலாகாது என்று எழுதியவன் அவன். லேர்ட்டஸ் மாண்டது தான் நஞ்சு தோய்த்த வாளினால். கெர்ட்ரூட் குடித்தது கிளாடியஸ் கலந்த நஞ்சு. இவற்றுள் ஒன்றேனும் மிகையான சிந்தனையால் நேர்ந்த சாவு அன்று. அனைத்தும் சினத்தாலும் சூழ்ச்சியாலும் பார்வை மறைந்தமையாலும் நேர்ந்தவை.

ஹாம்லெட் தெளிந்த அறிவுடன் வாளைத் தடுத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. கிளாடியஸ் மண்டியிட்டு வழிபடும் காட்சி அது. அங்கே அவன் ஏன் கொல்லவில்லை? இரக்கத்தால் அன்று. வழிபடும்போது கொன்றால் அவன் துறக்கம் புகுவான். குடித்தும் களித்தும் இருக்கும்போது கொன்றால் நரகம் புகுவான் என்பது ஹாம்லெட்டின் கணக்கு. உடலைக் கொல்வது போதாது, உயிரும் அழிய வேண்டும் என்கிறான். டாக்டர் ஜான்சன் 1765ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்பேச்சு படிப்பதற்கும் தகாத கொடுமையுடையது என்று குறித்தார். பின்வந்தோர் இதனைத் ‘தாமதத்திற்கு அவன் கற்பித்துக்கொண்ட சாக்கு’ என மென்மையாக்கிவிட்டனர். நாடகத்தில் உண்மையாகவே காலம் தாழ்ந்த இவ்விடத்தில் அத்தாழ்ச்சி பிறந்தது மென்மையிலிருந்து அன்று; மிகுதிப்பட்ட வன்மத்திலிருந்து. கிளாடியஸால் வழிபட இயலவே இல்லை என்பதை அவன் சென்ற பிறகு நாம் அறிகிறோம். வன்மம் தன் கணக்கிலேயே தோற்றது.

நான்கு மைந்தர்

தந்தையை இழந்த மைந்தர் நால்வரை இந்நாடகம் அடுத்தடுத்து நிறுத்துகிறது. நால்வரையும் ஒருங்கு நோக்காத வாசிப்பு குறைவாசிப்பே.

முதலாமவன், நடிகன் உரைக்கும் பழங்கதையில் வரும் பிர்ரஸ். தந்தை அக்கிலீசின் சாவுக்குப் பழிதீர்க்கத் திராய் நகரில் புகுந்து, தந்தையர், தாயர், மக்கள் குருதியில் தோய்ந்து, முதியோனான பிரையத்தை வெட்டுகிறான். அவன் வாள் ஒரு கணம் வானில் நிற்கிறது, பின் இறங்குகிறது. இக்கதையைக் கேட்க விழைந்தவன் ஹாம்லெட்டே. ஆனால், நடிகன் கண்ணீர் விடுவது பழிதீர்த்த பிர்ரஸுக்காக அன்று. கணவன் துண்டாடப்படுவதைக் கண்ட ஹெக்யூபாவுக்காக. பழிதீர்த்தவனின் புகழைப் பாட ஒருவரும் இல்லை. பழிக்கு இரையானோரின் அழுகை மட்டுமே கலையாகிறது. தமிழ் மரபில் பயின்றார் இதனை எளிதில் உணர்வர். தொல்காப்பியம் கொலையை வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்றாகவும், இழப்பை அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகவும் வகுத்தது. ஒரே நிகழ்ச்சியை வெகுளியின் பக்கம் நின்று காண்பதா, அழுகையின் பக்கம் நின்று காண்பதா என்பதே இங்கு வினா. இக்காட்சி அழுகையின் பக்கம் நிற்கிறது.

இரண்டாமவன் லேர்ட்டஸ். நம் திறனாய்வாளர் ஹாம்லெட்டிடம் எதிர்பார்த்ததனைத்தையும் இவன் செய்கிறான். தந்தை இறந்த செய்தி கேட்டதும் கும்பலுடன் அரண்மனைக் கதவை உடைக்கிறான். மனச்சான்றை நரகத்திற்கு அனுப்புகிறான். ஹாம்லெட்டைக் கோயிலுக்குள்ளேயே கழுத்தறுப்பேன் என்கிறான். ‘பழிவாங்கலுக்கு எல்லை கூடாது’ என்னும் பொருள்பட அவனை ஆதரிப்பவன் யார்? கிளாடியஸ். பழிவாங்கலுக்கு வரம்பில்லை என்னும் கோட்பாட்டைக் கொலைகாரனின் வாயில் வைத்தார் ஷேக்ஸ்பியர். விரைந்த லேர்ட்டஸ், உண்மைக் குற்றவாளியின் கைக்கருவியாகி மாள்கிறான்.

மூன்றாமவன் ஃபார்டின்பிராஸ். அவன் தந்தையைக் கொன்றவன் ஹாம்லெட்டின் தந்தை. அவ்வெற்றி நிகழ்ந்த நாளில்தான் ஹாம்லெட் பிறந்தான் என்று இடுகாட்டுக் காட்சி கூறுகிறது. இழந்த நிலத்தை மீட்கப் படை திரட்டிய ஃபார்டின்பிராஸ், சிறிய தந்தையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு டென்மார்க்கின்மீது படையெடுப்பதைக் கைவிடுகிறான். ஹாம்லெட் இறந்த நாளில், ஒரு வாளும் வீசாமல் அந்நாடு அவன் காலடியில் விழுகிறது. இவனை அறவோன் என்று யான் கூறவில்லை. பயனற்ற சிறு நிலத்துக்காகப் போலந்தின்மீது பெரும்படை கொண்டு சென்றவன் இவன். ஆயினும், பழிதீர்ப்பால் ஹாம்லெட் குடி பெற்றது ஒன்றுமில்லை என்பதற்கு இவனது அரியணையே சான்று.

நான்காமவன் ஹாம்லெட். தன்னைத் தூண்டப் பிர்ரஸையும் ஃபார்டின்பிராஸையும் எடுத்துக்காட்டாகக் கொள்ள முயல்பவன். லேர்ட்டஸின் துயரில் தன் துயரைக் காண்பவன். லேர்ட்டஸுக்கு அவனே ஒரு கிளாடியஸ், தந்தையைக் கொன்ற பகைவன். பழிதீர்ப்பவனும் பழிக்கு இலக்கானவனும் ஓராளாகிவிடும் இத்திருப்பத்தை ஷேக்ஸ்பியர் விரும்பியே அமைத்தார். தமிழில் பழி என்னும் சொல் குற்றத்தையும் குறிக்கும், குற்றத்திற்கு எதிர்செய்தலையும் குறிக்கும். பழி வாங்குபவன் பழியை வாங்கிக்கொள்ளவும் செய்கிறான். நம் மொழி ஒரு தொடரில் வைத்துள்ளதை இந்நாடகம் ஐந்து அங்கங்களில் விரிக்கிறது.

தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். ‘கொலை செய்தவனே அரசனாக வீற்றிருக்கும்போது மைந்தன் யாரிடம் முறையிடுவான்? பழிதீர்ப்பதன்றி வேறு வழி யாது?’ இதுவே எதிர்த்தரப்பின் வலிமையான வாதம். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. கண்ணகியையும் ஹாம்லெட்டையும் ஒப்பிட்டு, அவள் செயல்பட்டாள், இவன் தயங்கினான் என்று எழுதுவோர் இவ்விடத்தில்தான் பிழைபடுகின்றனர். கண்ணகி முதலில் செய்தது வழக்குரைத்தல். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அதனை ஏற்கும் மனச்சான்று பாண்டியனிடம் இருந்தது. அவன் தன் பிழை உணர்ந்து உயிர்நீத்தான். மதுரை எரிந்தது சான்று நிறுவப்பட்ட பின்னர். ஹாம்லெட்டும் தன் சிலம்பை உடைத்தான். அவன் நடத்திய உள்நாடகமே அச்சிலம்பு. ஆனால், அதன் பொருளைக் கிளாடியஸின் முகத்தில் படித்தோர் ஹாம்லெட்டும் ஹொரேஷியோவும் மட்டுமே. அவை அறியவில்லை, அரசன் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே, எல்சினோரின் நோய் ஹாம்லெட்டின் தயக்கம் அன்று, முறையிட இடமின்மை. நீதி மறுக்கப்பட்ட நாட்டில் பழி அதன் இடத்தைப் பிடிக்கிறது. பிடித்த பின் நீதியைப் போல ஒருவனோடு நிற்பதில்லை. கிளாடியஸ் தண்டிக்கப்படல் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. தண்டம் வேறு, பழி வேறு என்பதே எம் வாதம். பழிவாங்கல் தவறு என்று இந்நாடகம் அறவுரை கூறுவதாகவும் யான் சொல்லவில்லை. பழியின் முழு விலையை அது நம் கண்முன் எண்ணி வைக்கிறது. அவ்விலையை நாம் தாமதத்தின் கணக்கில் எழுதிவிட்டோம்.

மறக்கப்பட்ட காட்சி

இறுதிக் காட்சியில் கிளாடியஸ் கொல்லப்படும்போது ஹாம்லெட் தந்தையின் பெயரைச் சொல்வதில்லை. தாயைப் பின்தொடர் என்கிறான். மூன்றாம் அங்கத்திற்குப் பின் ஆவியும் வரவில்லை. ஏவியவன் இல்லாமலே ஏவல் முடிகிறது. அதன்பின் நிகழ்வதைத்தான் நம் குறிப்பேடுகள் விட்டுவிடுகின்றன. சாகும் லேர்ட்டஸ், ஒருவரையொருவர் மன்னிப்போம் என வேண்டுகிறான். தன் சாவும் தன் தந்தையின் சாவும் ஹாம்லெட்டைச் சாரா, ஹாம்லெட்டின் சாவு தன்னைச் சாராது என்கிறான். ஹாம்லெட்டும் அவனை மன்னிக்கிறான். இரண்டு குடிகளும் வேரற்றுப்போன பின், பழிச் சங்கிலி அறுபடுவது இவ்விடத்தில். அறுத்தது வாள் அன்று.

பின்னர் ஹொரேஷியோ தானும் இறக்க முயல்கிறான். நடந்ததைச் சொல்ல நீ வாழ வேண்டும் என்று ஹாம்லெட் தடுக்கிறான். ஃபார்டின்பிராஸின் முன் ஹொரேஷியோ தரும் சுருக்கத்தில், தற்செயலான கொலைகள், தவறான தீர்ப்புகள், எய்தவர் தலையிலேயே விழுந்த சூழ்ச்சிகள் ஆகியன இடம்பெறுகின்றன. தந்தைக்காகப் பழிதீர்த்த வீரமைந்தன் என்னும் செய்தி இல்லை. நாடகத்தின் முதல் திறனாய்வாளன் ஹொரேஷியோ. அவன் காலத்தாழ்ச்சியைக் கூறவில்லை.

முடிவுரை

பம்மல் சம்பந்த முதலியார் ‘அமலாதித்யன்’ எனப் பெயரிட்டு இந்நாடகத்தைத் தமிழாக்கி நூறாண்டளவு கடந்துவிட்டது. இந்தித் திரையில் விஷால் பரத்வாஜ் 2014இல் ‘ஹைதர்’ எனக் காஷ்மீரச் சூழலில் இதனை எடுத்தபோது, கதைத்தலைவன் இறுதியில் சிற்றப்பனைக் கொல்லாமல் விலகி நடப்பதாக அமைத்தார். மூலத்திலிருந்து அவர் விலகிவிட்டார் என்பது எளிது. மூலத்தில் சாகும் இருவர் கண்ட உண்மையை அவர் உயிரோடிருக்கும் ஒருவனுக்குக் கொடுத்தார் என்பதே பொருந்தும்.

இது வெறும் பாடவேறுபாடு குறித்த பூசல் அன்று. பழிக்குப் பழி என்னும் தலைப்பில் கொலைச் செய்திகள் நாளேடுகளில் வந்துகொண்டிருக்கும் நாட்டில் நாம் பாடம் நடத்துகிறோம். அச்செய்திகளில் வரும் இளைஞர்க்கும் ஓர் ஆவி ஆணையிட்டிருக்கும்; குடும்பத்தின் பெயரால், சாதியின் பெயரால், மானத்தின் பெயரால். அவர்களுள் தயங்கியவன் ஒருவன் இருப்பின் அவனைக் கோழை என்று ஊர் ஏசியிருக்கும். வகுப்பறையும் அவ்வூரின் குரலிலேயே பேசலாமா?

வினாத்தாள் அமைப்போர்க்கு ஒரு வேண்டுகோள். ‘ஹாம்லெட் ஏன் தாமதித்தான்?’ என்பதை ஓராண்டு நிறுத்திவையுங்கள். ‘பொலோனியஸின் குடும்பம் ஏன் அழிந்தது?’ என்று கேளுங்கள். மாணவர் நாடகத்தை மீண்டும் முதலிலிருந்து படிக்க நேரும். நாமும் படிக்க நேரும்.